எல்லைக்கல்லுக்கு வெளியே: பாறுகளும் வனப் பாதுகாப்பும்

ராஜஸ்தான் மாநிலம் பரத்பூரில் இருக்கும் கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்கு, ஒரு வனப்பகுதிக்குக் கிடைக்கக்கூடிய பாதுகாப்பெல்லாம் இருந்தது. சுற்றிலும் மதில். வேட்டைக்கு முழுத் தடை. 1985 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் 1980களின் பிற்பகுதியில் அங்கே கணக்கெடுத்தபோது, வெண்முதுகுப் பாறுகள் 353 இணைகள் கூடு கட்டியிருந்தன. சுமார் பத்தாண்டு கழித்து எண்ணியபோது அது 150 ஆகியிருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. மரங்களை யாரும் வெட்டவில்லை. பறவைகளை யாரும் சுடவில்லை. ஊருக்கு வெளியே செத்த மாடுகள் வழக்கம்போலக் கிடந்தன. ஆனாலும் கிளைகளில் கழுத்து தொங்கியபடி அமர்ந்திருந்த பறவைகள் ஒவ்வொன்றாக விழுந்து செத்தன.

பிணந்தின்னிக் கழுகு என்று பேச்சு வழக்கில் சொல்லப்படும் பாறுகள் இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்த காலம் அது. 1992இல் இருந்த வெண்முதுகுப் பாறுகளில் 99.9 விழுக்காடு 2007க்குள் அழிந்துவிட்டன என்று பின்னர் நடந்த கணக்கெடுப்பு காட்டியது. கருங்கழுத்துப் பாறும் மெல்லிய அலகுப் பாறும் சேர்ந்து ஏறத்தாழ 97 விழுக்காடு குறைந்தன. வேறு குடும்பக் கிளைகளைச் சேர்ந்த செந்தலைப் பாறும் மஞ்சள்முகப் பாறும்கூடத் தப்பவில்லை. திருக்கழுக்குன்றத்து மலையில் நண்பகல் தோறும் வந்து அர்ச்சகர் கையால் பொங்கல் உண்டுபோன மஞ்சள்முகப் பாறுகள் 1990களுக்குப் பிறகு வருவதில்லை. நவீன காலத்தில் ஒரு பறவைக் குழு இவ்வளவு வேகமாகச் சரிந்ததற்கு ஒப்பான நிகழ்வுகள் மிகக் குறைவு.

வனத்தைக் காப்பது என்றால் எல்லை வகுப்பது என்றே நாம் பழகியிருக்கிறோம். 1872இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் தொடங்கிய அந்த முறைதான் இன்றும் உலக நாடுகளின் அடிப்படைக் கொள்கை. 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் கூடிய நாடுகள், 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாப்புக்குள் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டன. இந்த இலக்கு தேவையானதே. ஆனால் பாறுகளின் வரலாற்றைப் படித்தால் ஒரு சங்கடம் எழுகிறது. அவற்றைக் கொன்ற தீர்மானங்கள் எதுவும் காட்டில் எடுக்கப்படவில்லை. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலும், கால்நடை மருந்துக் கடையிலும், தோட்டா ஆலையிலும், இறைச்சிக் கழிவு பற்றிய சட்ட வரைவிலும் எடுக்கப்பட்டவை அவை. காக்கும் வேலையும் அங்கேதான் நடந்தாக வேண்டும்.

காரணம் தேடிய கதை

பாறுகள் சாவதற்குத் தொடக்கத்தில் பல காரணங்கள் சொல்லப்பட்டன. ஏதோ புதிய வைரஸ் என்றார்கள் சிலர். பூச்சிக்கொல்லி என்றார்கள் வேறு சிலர். செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது பலவற்றின் உள்ளுறுப்புகள் மீது வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சுபோல யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் இது. எதனால் செயலிழந்தது என்பதுதான் தெரியவில்லை.

விடை பாகிஸ்தானின் பஞ்சாபிலிருந்து வந்தது. லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் தலைமையில் அங்கே வேலை செய்த குழு, கிருமிகளையும் கன உலோகங்களையும் பூச்சிக்கொல்லிகளையும் வரிசையாகச் சோதித்து, ஒவ்வொன்றாக ஒதுக்கியது. பிறகு கேள்வியை மாற்றிப் போட்டார்கள். பாறுகளின் உணவு கால்நடைப் பிணம். அந்தக் கால்நடைகளுக்குச் சாவதற்குமுன் என்ன கொடுக்கப்படுகிறது? கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைகளிலும் விசாரித்தபோது, வாய்வழியே உடலில் சேரக்கூடியதும் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியதுமான ஒரு மருந்து பரவலாகப் புழங்குவது தெரிந்தது. அது டைக்ளோஃபெனாக். மனிதர்கள் மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் போட்டுக்கொள்ளும் அதே வலிநிவாரணி. சிறுநீரகம் பழுதாகிச் செத்த 25 பறவைகளைச் சோதித்தார்கள். 25இலும் மருந்தின் எச்சம் இருந்தது. வேறு காரணங்களால் செத்த 13இல் ஒன்றிலும் இல்லை. 2004இல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வெளியானது.

வனவிலங்கு ஆய்வின் வரலாற்றில் இந்தக் கண்டுபிடிப்புக்குத் தனி இடம் உண்டு. வாழிடம் சுருங்குவதும் வேட்டையும் அதுவரை அறியப்பட்ட எதிரிகள். இங்கே எதிரி, நோயுற்ற மாட்டுக்குக் கருணையோடு போடப்பட்ட ஊசி. 1990களில் காப்புரிமை முடிந்ததும் பல உள்நாட்டு நிறுவனங்கள் டைக்ளோஃபெனாக்கைத் தயாரிக்கத் தொடங்கின, விலை சரிந்தது, சிறு விவசாயிக்கும் கட்டுப்படியாகும் மருந்தானது. காய்ச்சலாலும் மடி வீக்கத்தாலும் துன்பப்பட்ட மாடு ஊசி போட்டதும் எழுந்து நின்றது. எழாமல் செத்த மாட்டின் உடலில் மருந்து தங்கியது.

அதன்பின் நடந்ததைக் கணக்காகவே சொல்லலாம். ஒரு பிணத்தின்மேல் பல டஜன் பாறுகள் ஒரே நேரத்தில் இறங்கும். ஆகவே நச்சு ஏறிய ஒரு மாடு ஒரு கூட்டத்தையே கொல்லும். கால்நடைப் பிணங்களில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவற்றில் உயிர்கொல்லும் அளவு மருந்து இருந்தாலே கண்ணில் கண்ட சரிவு ஏற்பட்டுவிடும் என்று 2004இல் வந்த மற்றோர் ஆய்வு காட்டியது. இந்தியாவில் மாதிரிகள் எடுத்தபோது சுமார் பத்து விழுக்காட்டில் மருந்தின் எச்சம் இருந்தது. இழப்பை ஈடுகட்டும் வேகமும் பறவைக்கு இல்லை. பாறு ஆண்டுக்கு ஒரே முட்டை இடும். குஞ்சு வளர்ந்து தானும் கூடு கட்ட ஐந்தாண்டு வரை ஆகும்.

இழப்பின் விலை

பாறுகள் இல்லாத ஊரில் என்ன நடக்கும் என்பதை இந்தியா தன் மீதே சோதித்துப் பார்த்தது எனலாம். கூட்டமாக இறங்கும் பாறுகள் ஒரு மாட்டின் உடலை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அவற்றின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. அழுகிய இறைச்சியில் உள்ள பெரும்பாலான கிருமிகள் அதில் மடிந்துவிடும். இந்த வேலை நின்றதும் பிணங்கள் ஊர்ப்புறங்களில் அழுகின. தெருநாய்கள் பெருகின. பறவைகளின் அழிவால் கூடுதலான நாய்கள், அவற்றின் கடி, அதனால் நேர்ந்த ரேபிஸ் சாவுகள் ஆகியவற்றைக் கணக்கிட்ட 2008ஆம் ஆண்டு ஆய்வு, 1990களின் தொடக்கம் முதல் 2006 வரை சுமார் 48,000 பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது.

இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2024இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் விரிந்தது. பாறுகள் முன்பு நிறைந்திருந்த மாவட்டங்களையும் அவை எப்போதுமே அரிதாக இருந்த மாவட்டங்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். பறவைகள் மறைந்த பின் முதல்வகை மாவட்டங்களில் மனித இறப்பு விகிதம் நான்கு விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்திருந்தது. 2000 முதல் 2005 வரை மட்டும் ஏறத்தாழ ஐந்து லட்சம் கூடுதல் சாவுகள். ரேபிஸ் மட்டும் இதற்குக் காரணமில்லை. பிணங்கள் கலந்த நீர்நிலைகளும் இதில் சேரும். மும்பையின் பார்சிகள் மூதாதையர் வழியில் உடல்களைப் பாறுகளுக்கு ஒப்படைக்க முடியாமல், அமைதிக் கோபுரங்களில் சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளை நிறுவ நேர்ந்ததும் இந்தக் காலத்தில்தான். புலிக்கும் யானைக்கும் கிடைக்கும் அனுதாபம் பாறுக்குக் கிடைத்ததில்லை. ஆனால் காட்டுயிர் ஒன்றின் அழிவு மனித உயிர்களாக இவ்வளவு தெளிவாக எண்ணப்பட்டது பாறு விஷயத்தில்தான்.

தடை போட்டதும் முடியாத வேலை

இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூன்றும் 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் தயாரிப்பைத் தடைசெய்தன. வங்கதேசம் 2010இல் செய்தது. ஆய்வு முடிவு வந்து இரண்டே ஆண்டில் அரசுகள் அசைந்தது வியப்புக்குரியது. அது சாத்தியமானதற்கு ஒரு காரணம், மாற்று மருந்து கையில் இருந்தது. மெலாக்ஸிகம் என்ற வலிநிவாரணியை முதலில் ஆப்பிரிக்கப் பாறுகளிடமும் பிறகு ஆசியப் பாறுகளிடமும் சோதித்து, அதனால் தீங்கில்லை என்று 2006இல் அறிவித்திருந்தார்கள். மாட்டுக்கு ஊசி போடாதே என்று விவசாயியிடம் சொல்ல எந்த அரசாலும் முடியாது. சொல்வது நியாயமும் ஆகாது. இந்த ஊசிக்குப் பதில் அந்த ஊசி என்றுதான் சொல்ல முடியும்.

ஆனாலும் தடையில் ஓர் ஓட்டை இருந்தது. மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் விற்பனையில் தொடர்ந்தது. மனிதருக்கு ஒரு தடவைக்குத் தேவைப்படுவது 3 மில்லி. சந்தையில் கிடைத்ததோ 30 மில்லி புட்டி. மனிதருக்குப் பத்துத் தடவைக்கு வரும் அந்தப் புட்டி ஒரு மாட்டுக்கு வசதியான அளவு. மருந்துக் கடையிலிருந்து அது நேராகத் தொழுவத்துக்குப் போனது. 2015இல் ஒன்றிய அரசு மனிதருக்கான ஊசி மருந்தை 3 மில்லி புட்டியில் மட்டுமே விற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மருந்து நிறுவனங்கள் இதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2017இல் நீதிமன்றம் அரசின் உத்தரவை உறுதிசெய்தது. தேசியப் பூங்கா ஒன்றை அறிவிப்பதற்கு நிகரான வனப் பாதுகாப்பு நடவடிக்கை ஒரு மருந்துப் புட்டியின் கொள்ளளவைக் குறைத்ததில் இருந்தது.

அடுத்த சிக்கல், மருந்தின் உறவினர்கள். அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. கீட்டோபுரோஃபெனும் பாறுகளைக் கொல்கிறது. இவை ஆய்வில் நிரூபணமான பின்னும் கடைகளில் ஆண்டுக்கணக்கில் இருந்தன. வங்கதேசம் 2021இல் கீட்டோபுரோஃபெனை நாடு முழுவதும் தடைசெய்து முன்னே போனது. இந்தியா 2023இல்தான் இவ்விரண்டையும் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து விலக்கியது. அதன் பிறகே நிமிசுலைடு. ஒவ்வொரு மருந்துக்கும் பாறுகள் செத்துச் சாட்சி சொன்ன பிறகே தடை வருகிறது என்பதுதான் இந்த வரிசையின் பொருள். ஒரு மருந்தைக் கால்நடைக்கு அனுமதிக்குமுன் அந்தப் பிணத்தைத் தின்னும் பறவைக்கு அது என்ன செய்யும் என்று கேட்கும் நடைமுறை இருந்திருந்தால் இந்த இருபதாண்டு மிஞ்சியிருக்கும்.

இந்த மறதி ஏழை நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பியப் பாறுகளில் மிகப் பெரும்பகுதி வாழும் நாடு ஸ்பெயின். தெற்காசியாவில் நடந்ததை முழுக்க அறிந்த பிறகு, 2013இல் அந்த நாடு டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்கு அனுமதித்தது. பிணங்கள் முறையாக அகற்றப்படுவதால் ஆபத்தில்லை என்பது வாதம். 2020இல் கேட்டலோனியாவில் கரும்பாறுக் குஞ்சு ஒன்று இதே மருந்தால் செத்துக் கிடந்தது. அதே ஸ்பெயினில் அதற்கு முன்பு நேர்மாறான தவறும் நிகழ்ந்தது. மாட்டுப் பைத்திய நோய் அச்சத்தில் ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் கொண்டுவந்த விதி, செத்த கால்நடைகளை வயல்வெளியில் விடக் கூடாது என்றது. மலைக்கிராமத்து மேய்ப்பர்கள் காலங்காலமாகப் பிணங்களைப் போட்ட இடங்கள் மூடப்பட்டன. பாறுகள் பட்டினி கிடந்தன. ஆண்டுகள் கழித்தே விதி தளர்த்தப்பட்டது. மனித நலனுக்காக எழுதப்பட்ட சட்டந்தான் அது. எழுதியவர்கள் மனத்தில் பறவை இல்லை என்பதே குறை.

கூண்டுக்குள் மீட்பு, வெளியே ஈயம்

அழியும் விலங்கைப் பிடித்து வளர்த்து, பெருக்கி, விடுவிப்பது மற்றொரு வழி. அதன் வெற்றியையும் எல்லையையும் ஒருசேரக் காட்டுவது அமெரிக்காவின் கலிஃபோர்னியா காண்டோர். உறவுமுறையில் தள்ளியிருந்தாலும் வாழ்முறையில் அதுவும் பாறுதான். 1987 ஏப்ரலில் காட்டில் எஞ்சியிருந்த கடைசிப் பறவையையும் பிடித்துவிட்டார்கள். அன்று உலகில் இருந்த மொத்தக் காண்டோர்கள் 27. 1992 முதல் விடுவிப்பு தொடங்கியது. இன்று ஐந்நூறுக்கு மேல் இருக்கின்றன. பாதிக்கு மேல் வெளியே பறக்கின்றன.

இதை மாபெரும் சாதனை என்று எழுதிவிட்டு நிறுத்துவது எளிது. ஆனால் வெளியே பறக்கும் காண்டோர்களைத் திரும்பத் திரும்பப் பிடித்து இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வேட்டைக்காரர்கள் மானைச் சுட்டுக் குடலை அங்கேயே விட்டுப்போவார்கள். சிதறிய ஈயத் தோட்டாவின் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் அதில் இருக்கும். தின்ற பறவைக்கு ஈய நஞ்சு ஏறும். பிடித்து, மருந்து கொடுத்து, நஞ்சிறக்கி மறுபடி பறக்கவிடுகிறார்கள். ஈயம் நீங்காதவரை இந்தச் சிகிச்சையை நிறுத்தினால் பறவை மீண்டும் அழியும் என்று 2012இல் ஓர் ஆய்வு எச்சரித்தது. கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத் தோட்டாவை முழுமையாகத் தடைசெய்தது. அரிசோனா சட்டத்தை நாடாமல், வேட்டைக்காரர்களுக்குத் தாமிரத் தோட்டாவை இலவசமாகக் கொடுத்துப் பழக்கியது, பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். இங்கும் மெலாக்ஸிகத்தின் பாடமே: மானை வீழ்த்த வேறு தோட்டா கைக்கு வந்த பிறகு ஈயத்தை விடுவது பெரிய தியாகமாகத் தெரியவில்லை.

இந்தியாவிலும் ஹரியானாவின் பிஞ்சோரில் 2001 முதல் பாறு மையம் இயங்குகிறது; அஸ்ஸாம், மேற்கு வங்கம், மத்தியப் பிரதேசத்திலும் இனப்பெருக்க மையங்கள் உண்டு. அவை தேவை, சரிவு அவ்வளவு கடுமையாக இருந்தது. ஆனால் கூண்டில் பிறந்த குஞ்சு வெளியே போய் முதலில் தின்னும் மாட்டில் மருந்து இருந்தால் வளர்த்த உழைப்பெல்லாம் வீண். ஒரு பறவை நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். ஆகவே கூடுள்ள இடத்தைச் சுற்றி அந்த அளவு ஆரத்தில் உள்ள ஊர்கள், சந்தைகள், மருந்துக் கடைகள் எல்லாவற்றையும் நச்சற்றதாக்கும் ‘பாறு பாதுகாப்பு மண்டலம்’ என்ற முறை உருவானது. நேபாளம் இதில் முன்னோடி. நவல்பராசி மாவட்டத்தின் பிதௌலியில் 2006இல் ஊர்க்காரர்கள் தொடங்கிய ‘ஜடாயு உணவகம்’, வயதான மாடுகளை வாங்கிப் பராமரித்து, இயல்பாக இறந்த பின் அவற்றைப் பாறுகளுக்கு வைக்கிறது. கடைகளில் டைக்ளோஃபெனாக்குக்குப் பதில் மெலாக்ஸிகம் வந்தது. நேபாளத்தில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை இப்போது மெல்ல ஏறிவருகிறது.

எல்லையும் வேண்டும்

அப்படியானால் சரணாலயங்கள் வீணா? தமிழகத்தின் அனுபவம் இல்லை என்கிறது. நீலகிரியின் வடக்குச் சரிவில் சீகூர் பீடபூமியும் மாயாற்றுப் பள்ளத்தாக்கும் தென்னிந்தியப் பாறுகளின் கடைசிப் புகலிடங்களில் முக்கியமானவை. ஆற்றோரத்து நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது; பாறை முகடுகளில் கருங்கழுத்துப் பாறு. முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர் புலிகள் காப்பகங்கள் ஒட்டியிருப்பதால், புலியும் செந்நாயும் விட்டுவைத்த மானும் காட்டெருமையும் இரையாகக் கிடைக்கின்றன. எந்த மருந்தும் ஏறாத இறைச்சி அது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து 2023 டிசம்பரில் எடுத்த கணக்கில் 320 பாறுகள் தென்பட்டன. அவற்றில் 217 வெண்முதுகுப் பாறுகள். அதே ஆண்டின் தொடக்கத்தில் எண்ணியபோது கிடைத்தது 246.

காடு பெரிதாகவும் தொடர்ச்சியாகவும் இருந்ததால்தான் இவை எஞ்சின. ஆனால் இந்தப் பறவைகளும் காப்பகத்தின் எல்லையைப் பார்த்துத் திரும்புவதில்லை. காட்டை ஒட்டிய மாட்டுப் பட்டிகளில் என்ன ஊசி போடப்படுகிறது என்பது அவற்றின் உயிரைத் தீர்மானிக்கிறது. புலி அடித்த மாட்டின்மீது உரிமையாளர் ஆத்திரத்தில் நஞ்சு தடவினால், செத்துப்போவது புலி மட்டுமில்லை. இழந்த மாட்டுக்கான இழப்பீடு தாமதமின்றிக் கைக்கு வருவதும் பாறுப் பாதுகாப்பின் ஒரு பகுதிதான். ‘அருளகம்’ போன்ற அமைப்புகள் இங்கே ஊர்களிலும் மருந்துக் கடைகளிலும் கால்நடை மருத்துவர்களிடையிலும் வேலை செய்வது இதனால்தான்.

ஆப்பிரிக்காவில் பிணத்தில் நஞ்சு தடவுவதே திட்டமிட்ட ஆயுதமாகியிருக்கிறது. வானில் வட்டமிடும் பாறுகள் யானை கொல்லப்பட்ட இடத்தை வனக்காவலருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே தந்தத் திருடர்கள் யானையின் உடலில் பூச்சிக்கொல்லியைத் தடவிவிட்டுப் போகிறார்கள். 2019 ஜூனில் போட்ஸ்வானாவில் மூன்று யானைகளின் உடல்களைச் சுற்றி 537 பாறுகள் செத்துக் கிடந்தன. அடுத்த ஆண்டு கினி-பிசாவில் சுமார் இரண்டாயிரம் பாறுகள் மடிந்தன. பல உடல்களில் தலை இல்லை, மாந்திரீகத்துக்காக வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. தந்தம் விற்கும் சந்தையும், கடும் நஞ்சைக் கேள்வியின்றி விற்கும் கடையும் இருக்கும்வரை ரோந்துக் காவலர் எண்ணிக்கையை எவ்வளவு கூட்டினாலும் போதாது.

இவற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, காரணத்தை ஊகிக்காமல் கண்டுபிடிக்க வேண்டும். வைரஸ் என்ற ஊகத்தோடு நின்றிருந்தால் தெற்காசியாவில் இன்று ஒரு பாறும் இருந்திருக்காது. இரண்டாவது, தடைக்கு முன் மாற்று வேண்டும். மாட்டை வைத்துப் பிழைப்பவரின் கையிலிருந்து மருந்தைப் பிடுங்கிவிட்டுப் பறவையைக் காப்பாற்ற முடியாது. மூன்றாவது, நிரூபிக்கும் பொறுப்பை இடம் மாற்ற வேண்டும். தீங்கு உண்டு என்று ஆய்வாளர் பிணங்களைக் கொண்டுவந்து காட்டும்வரை காத்திராமல், தீங்கில்லை என்று தயாரிப்பாளரே முன்கூட்டிக் காட்டட்டும். கால்நடை மருந்துக்கு உரிமம் தரும் படிவத்தில் இன்று மாட்டின் நலம் கேட்கப்படுகிறது. பாலையும் இறைச்சியையும் உண்ணும் மனிதரின் நலமும் கேட்கப்படுகிறது. செத்த மாட்டைத் தின்னும் பறவையின் நலமும் அதில் ஒரு கட்டாயக் கேள்வியாக வேண்டும். உலக நிலப்பரப்பில் 30 விழுக்காட்டுக்கு எல்லை வகுப்பதைவிட மிகக் குறைந்த செலவில் நடக்கக்கூடியது இது. இது நடக்காவிட்டால் அந்த 30 விழுக்காட்டிலும் கேவலாதேவின் கதையே திரும்ப நடக்கும்.